இலவசப் பயிற்சிக்கு ஆகும் செலவு

(மாணவர் - இளைஞர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கச் சொல்வாங்கன்னு நெனச்சுத்தான் பஸ் ஏறினேன். இங்க வந்து பார்த்தா நோட்டீஸில் ‘தொழிற்பயிற்சியும் தலித் இளைஞர்களும்’ என்று போட்டிருக்கிறது. ஆக, என்னைக் கூப்பிட்டது கவிஞன் என்பதற்காக இல்லை, வங்கி எழுத்தர் என்பதற்காக. பரவாயில்லை. பத்து வருஷமாக கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆனால் தொடங்குவது எங்கண்ணனிடமிருந்து.

2002இல் அண்ணன் பத்தாவது தேறி அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேர்ந்தான். எங்க சேரியிலிருந்து பிட்டர் படிக்கப் போன முதல் ஆள். எனக்கு அப்போ பதிமூணு வயசு. சாயங்காலம் வந்ததும் கையைக் காட்டுவான். உள்ளங்கை பூராவும் கொப்புளம். முதல் மாசங்களில் வேறொன்றும் கிடையாது, ஒரு இரும்புத் துண்டைப் பட்டறை வைஸில் கவ்வ வைத்து அரத்தால் ராவிக்கிட்டே இருக்கணும், நாலு பக்கமும் மூலமட்டத்தில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. “ஒரு மயிரிழை தப்பினாலும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ராவச் சொல்றாருடா” என்பான். அதைப் பெருமையாகத்தான் சொல்வான்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. இது சேரி முழுக்கத் தெரிந்த விஷயம். யாருக்கும் தெரியாத விஷயங்கள் வேறு இருந்தன. காக்கிச் சீருடை தைக்கணும். வரைபடப் பலகை, கருவிப் பெட்டி, ரெக்கார்டு நோட்டு வாங்கணும். எல்லாத்துக்கும் மேல ஷூ. இரும்பு காலில் விழும், அதனால் ஷூ இல்லாதவனைப் பட்டறைக்குள் விட மாட்டார்கள். அது நியாயமான விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்க ஊர் ஆம்பூர் பக்கம். தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்கிற ஊர். எங்கம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். ஒரு நாளைக்கு எத்தனையோ ஜோடி அவர் கையைத் தாண்டிப் போகும். அந்த வீட்டுப் பையன் ஷூ இல்லாமல் பட்டறை வாசலில் நின்னான். இரவல் ஷூவில் கொஞ்ச நாள் ஓட்டினான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது தோல் பதனிடும் ஷெட்டில் அவருக்குப் பதிலாக ஒரு வாரம் போனான், அந்த ஒரு வாரம் இன்னும் முடியலை. இன்றைக்கும் அவன் லோடுமேன். அஞ்சாவது மாதத்தில் பெயரை அடித்துவிட்டார்கள்.

பின்னால நான் வங்கியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஷூ, சீருடை, நோட்டு, மூணு மாச மதியச் சோறு. அன்றைய விலையில் ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஒரு பிட்டரின் விலை அது.

இப்போ நிலைமை மாறலையான்னு கேட்பீங்க. மாறியிருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் நீங்க நம்பக் கூடாது. தமிழக அரசு ஐ.டி.ஐ.க்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடநூல், வரைகருவிகள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பெண்ணுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், பையனுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் ஐ.டி.ஐ. சேர்ப்பு; மாதம் 1000. வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாவது போதும். ஆண்களுக்கு நாற்பது வயது வரை, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. 2023இல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் ரோபோ, சி.என்.சி. எந்திரமெல்லாம் வந்து இறங்கியிருக்கிறது. இதெல்லாம் போராடிக் கிடைத்ததும் உண்டு, ஓட்டுக்காகக் கொடுத்ததும் உண்டு. எப்படி வந்தாலும் நம்முடையது.

சிக்கல் என்னன்னா, பணம் வருகிற நேரமும் பசி வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. உதவித்தொகை வருகைப்பதிவு பார்த்து, பட்டியல் போய், பிறகு வரும். சீருடையும் ஷூவும் சேர்ந்த அன்றைக்கே வராது. 750 ரூபாய் என்பது நம்ம பையன் ஒரு நாள் பெயிண்ட் வேலைக்கு உதவியாளாகப் போனால் கிடைக்கிற கூலியை ஒட்டிய தொகை. ஒரு நாள் கூலியைக் காட்டி முப்பது நாள் உட்காரச் சொல்கிறோம். முதல் மூன்று மாதத்தைத் தாண்டியவன் பெரும்பாலும் முடித்துவிடுகிறான், நான் பார்த்த வரைக்கும். விழுகிறவன் அந்த மூன்று மாதத்தில்தான் விழுகிறான்.

இங்க என் கவுண்ட்டர் கதை ஒண்ணு. போன வருஷம் ஒரு பையன் வந்தான். எலெக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டாம் வருஷம். ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அவனுக்கு மட்டும் வரவே இல்லை. நிலையத்தில் கேட்டால் “அனுப்பியாச்சு, பேங்க்ல கேளு”. பேங்கில் கேட்டால் “எங்களுக்கு வரலை, அங்க கேளு”. நாலு மாசம் நடந்திருக்கிறான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வருகைப்பதிவு போச்சு. நான் கணினியில் பார்த்தேன். உங்களில் பாதிப் பேருக்கு இது தேவைப்படும், கவனமாகக் கேளுங்க. அரசுப் பணம் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை அந்த வசதிக்கு இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போய் விழும். இவன் ஏதோ ஒரு முகாமில் யாரோ நீட்டிய எந்திரத்தில் கட்டைவிரல் வைத்து ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறான், அதையே மறந்துவிட்டான். பணம் பூராவும் அங்கே தூங்குது. அந்தக் கணக்கோ இரண்டு வருஷம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. மறுபடி ஆதார், போட்டோ, கையெழுத்து கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அரை மணி நேர வேலை. நாலு மாசமாக அந்த அரை மணியை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. நான் கொடுத்ததற்குக் காரணம் என் நல்ல மனசு கிடையாது. விண்ணப்பத்தில் இருந்த தெருப் பெயர்.

தெருப் பெயர் என்றதும் அடுத்ததற்கு வந்துவிடுகிறேன். சான்றிதழ் வாங்கிய பிறகு என்ன ஆகிறது?

என் சித்தப்பா மகன் ஏ.சி. மெக்கானிக். கையில் நல்ல தொழில். அவன் சொல்வான்: “அண்ணா, கடையில வேலை செய்யும்போது யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. வீட்டுக்கு சர்வீஸுக்குப் போனாத்தான் கேக்கறாங்க. எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அந்தக் கோயில் தெருவா, இந்தப் பக்கமா? மூணாவது கேள்வியில பிடிச்சிருவாங்க.” ஏ.சி. படுக்கையறையில் இருக்கும். தண்ணீர் சுத்திகரிப்பான் சமையலறையில் இருக்கும். மின்கசிவு பூசை அறையில் இருக்கும். பிட்டரைத் தொழிற்சாலைக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளலாம், எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் சாதி இந்து வீட்டின் நடுவீட்டுக்குள் போயாக வேண்டும். ஒரு வீட்டில் வேலை முடிந்து அவன் கிளம்பினதும் அந்த அம்மா ஏணி வைத்த இடத்தைக் கழுவிவிடுகிற சத்தம் மாடிப்படியில் கேட்டதாம். காசு சரியாகக் கொடுத்துவிட்டார்களாம். அதையும் சொன்னான்.

இது புதுசு இல்லை. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில்தான் கூலி அதிகம். அந்தப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? தறியில் ஓடுகிற நாடாவில் புதுக் கண்டு மாட்டும்போது நூல் நுனியைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்ம ஆள் எச்சில் பட்ட நாடாவை அடுத்த ஷிப்டுக்காரன் வாயில் வைக்க மாட்டான். அவ்வளவுதான். அந்த எச்சில்தான் ஒரு தலைமுறையின் கூலியைத் தீர்மானித்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர், இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்த்தாக வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் மல்லுக்கு நின்றார். வர்க்கம் பேசிய தோழர்கள் அதை அவர் சொல்லித்தான் பேச வேண்டியிருந்தது. 1942இல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராகப் போனார். போன சில மாதங்களிலேயே, அக்டோபரில், வைஸ்ராயிடம் கொடுத்த கோரிக்கை மனுவில் என்ன கேட்கிறார்? விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகை. வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகச் சேர்ப்பது. கோயில் கேட்கவில்லை, பணிமனை கேட்டார். இன்றைக்கு நீங்கள் வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் 1944இல் தொடங்கிய திட்டத்தில் இருக்கிறது.

எந்தத் தொழில் என்பதுதான் எப்போதும் கேள்வி. தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் உங்களுக்குத் தெரியும். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். பாடப்புத்தகத்தில் இதோடு முடிகிறது. நம்ம சேரியில் அந்தத் திட்டத்துக்குப் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்க. ஆசாரி மகனுக்கு உளி. நமக்கு? பறையும் பாடையும் செத்த மாடும். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000, மூன்று லட்சம் வரை கடன். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும், பதினெட்டு வயது போதும். செருப்புத் தைப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். தமிழக அரசு இதை ஏற்காமல் குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கி, 35 வயதுக்கு மேல் என்று வைத்து, 25 தொழில்களோடு வேறொரு திட்டம் போட்டது. அது சரியான முடிவு. ஏற்கெனவே உளி பிடித்த கைக்குக் கடன் கொடுக்கட்டும். பதினெட்டு வயசுப் பையனிடம் ‘உங்கப்பன் என்ன செஞ்சான்’ என்று கேட்கிற விண்ணப்பத்தை எந்த வங்கி எழுத்தரும் கூச்சமில்லாமல் நீட்ட முடியாது. நானும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான், நீட்டச் சொன்னால் நீட்டித்தான் ஆகணும். அந்த நாள் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்க ஊர்த் தொழிலையே எடுத்துக்குங்க. தோலைத் தொட்டவன் தீட்டு. சென்னை அடையாறில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோல் தொழில்நுட்பப் பட்டத்தைத் தொட்டால் தீட்டு இல்லை என்று தெரிந்ததும் யார் யாரெல்லாம் போய்ப் படித்தார்கள்! சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன் நம்மாள், தொட்டியில் எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்கிறவர் வேறாள்.

தனியார் பயிற்சி பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை, நிறையப் பேர் பட்டிருப்பீங்க. என் கவுண்ட்டரில் ஒரு அம்மா தாலிச்சரட்டை அடகு வைத்து 45,000 வாங்கிப் போனார். மகனுக்கு மூணு மாச ‘பயர் அண்ட் சேஃப்டி’ படிப்பு. மாடியில் வாடகைக்கு எடுத்த ரெண்டு ரூம், அதற்குப் பெயர் நிறுவனம். வேலை உறுதி என்று நோட்டீஸ். வேலை செக்யூரிட்டி வேலை. பையனின் அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு மீதிக் கட்டணத்துக்கு நெருக்கினார்கள். அசலை யார் கேட்டாலும் காட்டுங்க, கையில் கொடுக்காதீங்க. அந்தப் பயிற்சிக்கு என்.சி.வி.டி. சான்றிதழ் வருமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் சரடு மிஞ்சியிருக்கும்.

உண்மையிலேயே நல்ல படிப்பு, பணம் கட்டித்தான் ஆகணும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2015இல் திறன் பயிற்சிக் கடன் என்று ஒன்று வந்தது. 5,000 முதல் ஒன்றரை லட்சம் வரை. 2024இல் ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். சொத்துப் பிணை கேட்கக் கூடாது, அதற்கென்று உத்தரவாத நிதி இருக்கிறது. ஆனால் கிளையில் போய்க் கேட்டால் “அப்படி ஒண்ணும் இல்லப்பா” என்பார்கள். பல சமயம் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. சின்னத் தொகைக் கடனுக்கும் பெரிய தொகைக் கடனுக்கும் ஒரே அளவு காகித வேலை, அதனால் யாரும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்வதில்லை. எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்க. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. எழுத்தில் கேட்டால் நாங்க பயப்படுவோம். உள்ளே இருக்கிறவன் சொல்றேன்.

பயிற்சி என்ற பெயரில் நாடு முழுக்க என்ன நடந்தது என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி. ஒன்றிய அரசின் குறுகியகால திறன் பயிற்சித் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகச் சொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வங்கிக் கணக்கு எண் எழுத வேண்டிய கட்டத்தில் பூஜ்யம், அல்லது காலி. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்க கவுண்ட்டரில் நம்ம அம்மா சலானில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் கிழித்துப் போட்டு வேறு எழுதச் சொல்கிறோம்.

போன மாதம் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: “முதலாளிக்கு பிட்டர் தயார் பண்ணிக் கொடுக்கிறதா நம்ம வேலை? பஞ்சமி நிலத்தை யார் மீட்கிறது?” நான் மதிக்கிறவர். 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேரைப் பறிகொடுத்தோமே, அந்தக் காலத்தில் வீட்டை விட்டு இயக்கத்துக்கு வந்தவர். அவர் சொல்வதில் ஒரு பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். ஐ.டி.ஐ. முடித்தவனை அப்ரண்டிஸ் என்று சேர்த்து, பிறகு டிரெய்னி, பிறகு ஒப்பந்தம் என்று பெயரை மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் ‘தொழிலாளி’யே இல்லை. அதே சட்டத்தில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்லும் பிரிவு 1973இலிருந்து இருக்கிறது. அந்த ஒதுக்கீடு எந்தெந்தத் தொழிற்சாலையில் நிரம்பியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட நமக்கு என்ன செலவாகும்? இது இயக்க வேலை இல்லையா? மறு பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்கான வழக்கு நடக்கிற இருபது வருஷமும் அந்தச் சேரிப் பையன் எங்கே கூலிக்குப் போகிறான்? யார் நிலத்தை வளைத்து வைத்திருக்கிறானோ அவனிடம்தான் போகிறான். சாட்சிக் கூண்டில் அவன் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். தோழர் பதில் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது “நீ சொல்றதுல ஒண்ணு இருக்குடா” என்றார், அதற்கு மேல் பேசவில்லை. இந்த விவாதம் முடியலை.

எங்க ஊரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்வதைச் சொல்கிறேன், பெரிசா ஒண்ணும் இல்லை. ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போடுகிறோம். ஐ.டி.ஐ. சேர்கிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் ஷூ, மதியச் சாப்பாடு, நோட்டு. நன்கொடை என்று சொல்வதில்லை. வேலைக்குப் போனதும் அதே தொகையை அடுத்த பிள்ளைக்குப் போட வேண்டும். இதுவரை பதினோரு பேர். இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். ஒருவன் திருப்பித் தரவில்லை, கேட்கவும் இல்லை. வசூல் விஷயத்தில் என் வங்கி என்னைவிட உறுதியானது.

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண். வெல்டர் படிக்கணும் என்றாள். அவங்க அப்பா என்னிடம் வந்து, “தம்பி, பொம்பளப் புள்ளைக்குத் தையல்னு எழுதிக் குடு, நீ சொன்னா கேக்கும்” என்றார். உண்மையைச் சொல்லணும் என்றால் நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். சாதிக்கு எதிராக இவ்வளவு பேசுகிறவன், தையல் மெஷினைப் பார்த்தால் பெண் பிள்ளை, வெல்டிங் கண்ணாடியைப் பார்த்தால் ஆண் பிள்ளை என்றுதான் என் தலையிலும் இருந்தது. அவளே கேட்டாள்: “எங்கம்மா ஷூ கம்பெனியில இருவது வருஷமா தைக்குது. நானும் தைக்கவா?” விண்ணப்பத்தில் வெல்டர் என்றே நிரப்பினேன். இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். புகை மூக்கில் ஏறுதுன்னு திட்டிக்கிட்டே படிக்கிறாள்.

சேர்க்கை அறிவிப்பு வழக்கமாகப் பத்தாவது தேர்வு முடிவை ஒட்டி வரும். விண்ணப்பம் இணையத்தில்தான். பிரவுசிங் சென்டரில் அவசரமாக நிரப்பும்போது தவறுவது இரண்டு இடம். ஒன்று, உட்சாதி. அருந்ததியருக்கு 2009 முதல் உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பொதுவாக எஸ்.சி. என்று போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, அலைபேசி எண். சென்டர்காரன் தன் எண்ணைப் போட்டுவிடுவான், கலந்தாய்வுக்கு அழைப்பு அவனுக்கு வரும், உங்களுக்கு வராது. முகவரி பற்றிச் சிலர் கேட்டீங்க. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ரேஷன் கார்டில் இன்னும் அது இருந்தால் கார்டில் உள்ளபடியே எழுதுங்க, இரண்டும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயரை மாற்றுகிற மனுவைத் தனியாகப் போடுவோம்.

நான் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறரைக்கு நூலகத் திண்ணையில் இருப்பேன். வரும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு நகல் எடுத்துக்கிட்டு வாங்க. பாஸ்புக்கில் பதிவு போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதற்கு முன்னாடி பேங்குக்குப் போய்ட்டு வாங்க. திண்ணைக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடை ஏழு மணிக்கு மூடிடுவாங்க.